கூடலூர் மலையில் தேர்தல் பணி: எம்.எல்.ஏ. பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

நான் கோத்தகிரிப் பக்கத்துக்காரன், அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்தால் மற்றவர்கள் வீட்டுக்கு வேட்பாளர் வருவார், எங்கள் வீட்டுக்குப் பணி ஆணை வரும். நீலகிரி மாவட்டத்தில் மொத்தமே மூன்று சட்டமன்றத் தொகுதிகள், உதகமண்டலம், கூடலூர், குன்னூர். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் டியூட்டி போடமாட்டார்கள் என்பதால் குன்னூர்த் தொகுதி வாக்காளனான நான் பெரும்பாலும் கூடலூருக்குத்தான் போயிருக்கிறேன். தேவர்சோலை, ஓவேலி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம். மண்டல அலுவலரின் வண்டியில் இயந்திரப் பெட்டிகளோடு ஏறினால், யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும், செல்போன் சிக்னல் பாதி வழியிலேயே போய்விடும்.

வாக்குப்பதிவுக்கு முந்தின மாலை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தங்குவோம். சத்துணவு அக்கா டீ கொண்டுவருவார், ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து திண்ணையில் உட்காருவார்கள், பேச்சு ஆரம்பிக்கும். யாருக்குப் போடலாம் என்ற பேச்சை மட்டும் வாயெடுக்கும்போதே நிறுத்திவிடுவேன், மற்றபடி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இத்தனை தேர்தலில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், வாக்குப்பதிவு நாள்தான் இதில் சின்னப் பகுதி. அதற்குப் பல மாதம் முன்னால் வாக்காளர் பட்டியலில் நடப்பதும், அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த எம்.எல்.ஏ. எங்கெங்கே கை தூக்குகிறார், எந்தெந்தத் தேர்தலில் அவரே வாக்காளராக நிற்கிறார் என்பதும்தான் பெரிய பகுதி. அந்த இரண்டையும் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் பட்டியல். ஓட்டு பறிபோகிறது என்றால் அது சாவடியில் போவதில்லை, பட்டியலில் போகிறது. கூடலூர்ப் பக்கம் இது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு ஊரின் கதையே காரணம். 1964-ல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களைக் குடியமர்த்த அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது, இன்றைய டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடுகளில் இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம். தோட்டத்தில் வேலை குறையக் குறைய இளசுகள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள், ஓய்வு பெற்றவர்கள் லைனைக் காலி செய்துவிட்டு வேறெங்கோ சின்னதாக வீடு பிடித்துப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் பட்டியலின் பழைய பாகத்திலேயே கிடக்கும். அந்தப் பக்கம் மலை இறங்கினால் கேரளத்துச் சுல்தான் பத்தேரி, அங்கே கல்யாணமாகிப் போனவர், இங்கிருந்து அங்கே குடிபோனவர் என்று இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் உள்ளவர்களும் உண்டு. ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு பொய் உறுதிமொழி கொடுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். 2021-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குப்பதிவு வைத்ததால் அந்த முறை இங்கேயும் அங்கேயும் போய்ப் போட வழியில்லாமல் போனது என்று ஒரு பூத் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை, பக்கத்திலேயே மைக்ரோ அப்சர்வர், அதாவது சாவடியைக் கண்காணிக்க ஆணையம் போடும் பார்வையாளர், உட்கார்ந்திருந்தார்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்து, டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொன்னார்கள். அது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் லைனைக் காலி செய்துவிட்டுப் படிவம் எழுதாமல் விட்டவர்களுக்கு அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு மாறினால் படிவம் 8, முதல்முறை சேர்க்கப் படிவம் 6, இறந்தவர் பெயரையோ தவறான பெயரையோ நீக்கப் படிவம் 7. வீடு மாறியவர்கள் புதிதாகப் படிவம் 6 எழுதிப் போடுவதுதான் இரட்டைப் பதிவுக்கு முக்கியக் காரணம், படிவம் 8-ல் போட்டால் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புது இடத்தில் சேர்த்துவிடுவார்கள். பதினெட்டு வயதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள், இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்குமே தகுதி நாட்கள். பதினேழு முடிந்ததும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்த பிறகு பட்டியலில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அதற்கு ஒரு பத்து நாள் முன்னாலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு அன்று காலையில் வந்து "சார், போன எலெக்‌ஷன்ல போட்டேனே" என்று கையைப் பிசைகிறவர்களை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அட்டை கையில் இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. அட்டை அடையாளத்துக்கு மட்டும்தான், ஓட்டு பட்டியலில் இருக்கிறது. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து அட்டை எண்ணைச் சொன்னால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் சொல்லிவிடுவார்கள், அதைத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சாவடியில் பெயரைவிட அதுதான் வேலை செய்யும்.

தலைகீழாகவும் நடக்கும், பெயர் இருக்கும், அட்டை தொலைந்திருக்கும். அதற்கு ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் அலுவலகப் பாஸ்புக், நூறுநாள் வேலை அட்டை, போட்டோவோடு உள்ள ஓய்வூதிய ஆவணம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ரேஷன் கார்டு அதில் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மலையில் நாலு பேராவது ஸ்மார்ட் ரேஷன் கார்டோடுதான் வருவார்கள், ஏனென்றால் அரசாங்கம் என்றாலே அவர்களுக்கு அந்த அட்டைதான். திரும்பிப் போய் எடுத்துவர ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஆகும். பூத் ஸ்லிப்பும் அடையாள ஆவணம் ஆகாது, 2019-லிருந்து.

வாக்குப்பதிவு நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்னாலேயே ஏஜென்ட்டுகளை வைத்துக்கொண்டு மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. குளிரில் விரல் மடங்காது, வர்க்கியும் கட்டஞ்சாயாவும் வரும்வரை யாருக்கும் கோபம் அடங்காது. முடிந்ததும் எண்ணிக் காட்டி, அந்த எண்ணிக்கையை இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டு, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்து முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டுச் சீல் வைக்க வேண்டும். ஏஜென்ட்டாக உட்காருகிறவர்கள் இந்த இடத்தில்தான் கண்ணை விழித்துப் பார்க்க வேண்டும், பலர் இந்த நேரத்துக்கு வந்தே சேர்வதில்லை. அதேபோல் மாலையில் 17சி என்ற படிவத்தில் மொத்த ஓட்டு எண்ணிக்கையை எழுதி ஏஜென்ட்டுக்கு நகல் கொடுப்போம், அதை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிடும் ஏஜென்ட் கட்சிக்கு வேலை செய்தார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒப்பிடக் கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான்.

ஒருமுறை லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார், அவருடைய வரிசை எண்ணில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தது. அதே தோட்டத்தில் அதே பெயரில் இன்னொருவர், கணவர் பெயரும் ஒன்றே, காலையிலேயே வந்து இவருடைய எண்ணுள்ள ஸ்லிப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஏஜென்ட்டுகள் ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். இப்படி ஆனால் விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. நீங்கள்தான் அந்த ஆள் என்பது கேள்வி பதிலில் உறுதியானால் சாவடியின் தலைமை அலுவலர் ஒரு காகித வாக்குச்சீட்டு கொடுப்பார், அதில் முத்திரை குத்தித் தனி உறையில் போட வேண்டும், அதற்குப் பெயர் ஆய்வுக்குரிய வாக்கு. இயந்திரத்தில் போட முடியாது. அது சாதாரணமாக எண்ணப்படவும் மாட்டாது, வழக்கு என்று போய் உயர் நீதிமன்றம் சொன்னால்தான் எடுப்பார்கள். "அப்போ எதுக்குய்யா இது?" என்று அக்கா கேட்டார், நியாயமான கேள்வி. 2008-ல் ராஜஸ்தானின் நாத்வாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், அந்த மாதிரி நேரத்தில் இந்த உறைகளைத் தேடித்தான் ஓடுவார்கள் என்று சொன்னேன். ஒரே பெயர் கொண்டவர்கள் நிறைந்த தோட்டத்திலும் பழங்குடி ஊர்களிலும் பாகம் எண், வரிசை எண்ணைச் சரிபார்த்து வாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். முதல் ஓட்டுப் போடப்போகிற ஒரு பையன் கேட்டான்: "மாஷே, சி.எம்.முக்குத் தனியா பட்டன் கிடையாதா?" கூடலூரில் வாத்தியார் என்றால் பாதிப் பேருக்கு மாஷ்தான். கிடையாது என்றேன். நாம் தேர்ந்தெடுப்பது 234 பேரில் ஒருவரை, அதில் 118 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிப்பார். ஐந்து வருஷத்துக்கு நடுவில் அந்த ஆதரவு மாறினால் முதலமைச்சரும் மாறலாம், நம்மை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள். 2017-ல் மாநிலமே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்த நம்பிக்கை வாக்கெடுப்பு அப்படிப்பட்டதுதான். சுவரொட்டியில் தலைவர் படம் பெரிதாக இருக்கும், வேட்பாளர் படம் தபால்தலை அளவு இருக்கும், ஆனால் சட்டப்படி நீங்கள் அழுத்துவது அந்தத் தபால்தலைக்காரருக்குத்தான். பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து எப்போதும் வரும் கேள்வி, கூடலூர் ஏன் தனித்தொகுதி, எப்போது மாறும் என்பது. 2006 வரை இது பொதுத்தொகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-ல் வந்த மறுவரையறையில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள், 2011 தேர்தலிலிருந்து அப்படி. உள்ளாட்சியில் வார்டு மாறுகிற மாதிரி இது தேர்தலுக்குத் தேர்தல் சுழலாது, அடுத்த மறுவரையறை வரை அப்படியே இருக்கும். ஒதுக்கீடு வேட்பாளருக்குத்தான், ஓட்டுப் போடுவது எல்லாரும். இதைக்கூட விளக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு காட்டுநாயக்கர் பெரியவர் கேட்டதுதான் எனக்கு நெஞ்சில் நின்றது, "எங்க ஆளு யாரும் உள்ள போக வழி இல்லையா?" என்றார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது, ஆனால் மாநிலத்தில் பழங்குடியினருக்கான இரண்டே தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது: பட்டியல் சாதித் தொகுதிகளை மாநிலத்தின் பல பகுதிகளில் பரவலாகப் போட வேண்டும், பழங்குடித் தொகுதியை அவர்களின் விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கே போட வேண்டும். நம் மலையில் ஆறு இனங்கள் இருந்தாலும் தலைக்கணக்கில் குறைவு. பழங்குடியினர் பொதுத்தொகுதியில் நிற்கத் தடையில்லை என்று சொன்னேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

கூடலூரில் தேர்தல் பேச்சு எங்கே தொடங்கினாலும் செக்‌ஷன் 17-ல் வந்துதான் நிற்கும். கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம், 1969. நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உரிமையில் இருந்த ஜன்ம நிலங்களைச் சாதாரண ரயத்துவாரியாக, அதாவது நிலத்துக்காரர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலமாக, மாற்ற நம் சட்டமன்றம் போட்ட சட்டம், அதன் 17-வது பிரிவில் வரும் குத்தகை நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, கரண்ட் இணைப்புக்கே அலைச்சல். இந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி காப்பதற்கான அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது, அதை எதிர்த்துப் போன வழக்கில்தான் 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒன்பதாம் அட்டவணைக்குள் போட்டாலும் நீதிமன்றம் பார்க்கும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக்கல்லூரிகளில் படிக்கிற அந்தக் கோயலோ வழக்கு நம் கூடலூர் மண்ணில் முளைத்தது என்பது உள்ளூரில் பலருக்குத் தெரியாது. இதைச் சொல்வதற்குக் காரணம், எம்.எல்.ஏ.விடம் ரோடு கேட்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம், அதெல்லாம் பேரூராட்சி வேலை. சட்டத்தில் ஒரு வார்த்தையை மாற்றுவது சட்டமன்றத்தில்தான் முடியும், அங்கே போய்ப் பேசுகிற ஆள் ஒருவர்தான். அவையில் கேள்வி எழுப்பினாரா, எந்தத் திருத்தத்துக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும், ஆனாலும் கேளுங்கள்.

இப்போது பலருக்கும் தெரியாத விஷயம், எம்.எல்.ஏ.வும் ஒரு வாக்காளர் என்பது. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், அவர்களைத் தேர்ந்தெடுப்பது நம் 234 பேர்தான், நாம் இல்லை. ஆறு வருஷத்தில் மூன்று தவணையாக, தவணைக்கு ஆறு இடம் காலியாகும். கணக்கு இப்படி: ஒவ்வொரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் 100 மதிப்பு, மொத்தம் 23,400, அதை ஆறோடு ஒன்று கூட்டி ஏழால் வகுத்து மேலே ஒன்று சேர்த்தால் 3,343, அதாவது ஓர் உறுப்பினரை அனுப்ப 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும். 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். வேடிக்கை என்னவென்றால் நம் ஓட்டு ரகசியம், அவர்களுடையது திறந்த ஓட்டு, 2003-லிருந்து கட்சி ஏஜென்ட்டிடம் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், காட்டாவிட்டால் செல்லாது. நோட்டாவும் கிடையாது. பெரும்பாலும் கட்சிகள் தங்கள் பலத்தைக் கணக்குப் போட்டு அத்தனை பேரைத்தான் நிறுத்துவார்கள் என்பதால் போட்டியே இருக்காது, 2025 ஜூனில் கமல்ஹாசன் உட்பட ஆறு பேரும் போட்டியின்றிப் போனார்கள். ஆக, உங்கள் சட்டமன்ற ஓட்டு அப்போதே டெல்லிக்கும் ஓர் ஆளை அனுப்பிவிட்டது.

குடியரசுத் தலைவர் தேர்தலிலும் எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு உண்டு, குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் கிடையாது, அது எம்.பி.க்கள் மட்டும். இங்கே ரகசிய ஓட்டு, கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. ஒரு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் ஓட்டு மதிப்பு 176. அது எப்படி வந்தது என்றால், 1971 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம், அதை 234-ஆல் வகுத்து மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. நீலகிரியின் மூன்று எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்தால் 528. ஏன் இன்னும் 1971 கணக்கு என்றால், குடும்பக் கட்டுப்பாட்டில் ஒழுங்காக நடந்துகொண்ட மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக்கூடாது என்று அதை உறைய வைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை என்பது திருத்தத்தில் இருக்கும் வாசகம். தொகுதி மறுவரையறை பற்றி இப்போது நடக்கும் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த 176 கணக்கைப் போடச் சொன்னால் ஆர்வமாகப் போடுகிறார்கள், கணக்கு வாத்தியாருக்குத்தான் பொறாமை.

சட்டமன்றம் என்றால் முன்பு இரண்டு அவை. மேலவை 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்களும், மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுத்தார்கள், பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, எங்கள் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு, மிச்சம் நியமனம். எங்களுக்கு மூத்த தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்வரை இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். 2010-ல் மறுபடி கொண்டுவரத் தீர்மானம் போட்டார்கள், 2011-ல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. எனக்கு அதில் பெரிய ஏக்கம் இல்லை, ஆசிரியர்களுக்குத் தனி ஓட்டு என்றால் சங்கங்களுக்குள் நடக்கும் கூத்து எனக்குத் தெரியும். அதேபோல் 2020 ஜனவரி வரை ஆங்கிலோ-இந்தியர் ஒருவரை நியமனம் செய்யும் வழக்கமும் இருந்தது, அரசியல் சட்டத்தின் 104-வது திருத்தத்தோடு அதுவும் போனது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு விதி எழுதுவதும் சட்டமன்றம்தான், இது நேரடியாக வீட்டு வாசலுக்கு வரும் விஷயம். நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், ஆனால் பெண்களுக்கு எத்தனை இடம், தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் வழியாகவா என்பதெல்லாம் சட்டமன்றம் போடும் சட்டம். பெண்களுக்கு 50 சதவீதம் 2016-ல் வந்தது அப்படித்தான், 2025 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமிக்கும் மசோதாக்கள் நிறைவேறியதும் அப்படித்தான். நீலகிரியில் கிராம ஊராட்சிகள் குறைவு, நகராட்சி, பேரூராட்சிக்குள் வருகிறவர்களே ஏராளம். தேவர்சோலைக்காரர் 2011-ல் பேரூராட்சித் தலைவருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டார், 2022-ல் வார்டு உறுப்பினருக்கு மட்டும் போட்டார், தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இடையில் விதியை மாற்றியது சென்னையில் இருக்கும் 234 பேர். "எங்க தலைவர் ஓட்டை யார் எடுத்தா?" என்று கேட்டவருக்கு, நீங்கள் அனுப்பிய ஆட்கள்தான் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒருவர் பசுந்தேயிலை விலை படுத்துக் கிடந்த கோபத்தில் சுயேச்சையாக நின்றார், காகித வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். வயது 25 முடிந்திருக்க வேண்டும், மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். வேறு தொகுதியில் நின்றால் உங்கள் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகல் அவசியம். சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்கள், அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒருவர் போதும். அவருக்குப் பத்தில் இருவரின் வரிசை எண் தப்பாக இருந்தது பரிசீலனைக்கு முன்னால் கண்ணில் பட்டதால் தப்பித்தார், இன்னொரு மனுவைப் போட்டார், நான்கு மனு வரை போடலாம். டெபாசிட் பொதுப்பிரிவுக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000, ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ, செக் வாங்கமாட்டார்கள். படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள், சொத்து இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும், காலியாக விட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு மனுப் போடுவதற்கு முந்தின நாளாவது தொடங்கியிருக்க வேண்டும். அப்புறம் உறுதிமொழி எடுப்பதை மறந்துவிடுவார்கள் பலர், மனுக் கொடுத்த பிறகு பரிசீலனை நாளுக்கு முன்னால் அதை எடுத்தாக வேண்டும்.

அவருக்கு டெபாசிட் போனது, பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். "போனா போகட்டும்ணா, கொழுந்து விலையைப் பத்தி மைக்கில பேசினேன்ல" என்றார். 1996-ல் மொடக்குறிச்சியில் இதேபோல் விவசாயிகள் கோபத்தில் கூட்டமாக மனுப் போட்டு 1,033 பேர் களத்தில் நின்றார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். அதற்குப் பிறகுதான் டெபாசிட்டையும் முன்மொழிபவர் எண்ணிக்கையையும் ஏற்றினார்கள். இப்போது ஓர் இயந்திரத்தில் நோட்டாவோடு சேர்த்து 16 பெயர்தான், கூடினால் பக்கத்தில் இன்னொரு இயந்திரம் வைப்போம், மலையில் அதைச் சுமப்பவர்களைக் கேட்டால்தான் சுயேச்சைகள் மீது எவ்வளவு பாசம் என்று தெரியும்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் படிவம் 12டி. 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே போடலாம், குழு வீடு தேடி வரும், தோட்டத்துக்குள்ளே நடந்தாவது வருவார்கள். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும், அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு சாவடிக்கு வந்து போட முடியாது. மனசு மாறி ஜீப் பிடித்துத் தாத்தாவை அழைத்துவந்து திரும்பிப் போனவர்கள் உண்டு.

கடைசியாக, என்னைப்போல் டியூட்டிக்குப் போகிற சக ஆசிரியர்களுக்கு. தபால் வாக்காகப் போடும் நம் ஓட்டுதான் அதிகம் வீணாகிறது. 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி தோல்விக்கு நடுவே 49 ஓட்டு, தள்ளப்பட்ட தபால் வாக்குகள் 203, சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்கள் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்களா இல்லையா என்பதில்தான் வழக்கே, 2019-ல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்போது தபாலில் அனுப்பும் வேலை இல்லை, 2023-ல் விதி மாறியதால் பயிற்சி மையத்தில் வைக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும், கவரை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் வாக்குக் கேட்கும் படிவம் 12-ஐப் பாகம் எண், வரிசை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். வாக்குச்சீட்டு மட்டும் 13பி உள் உறைக்குள், 13ஏ உறுதிமொழி அதற்கு வெளியே, இரண்டும் சேர்ந்து 13சி பெரிய உறைக்குள். அவசரத்தில் 13ஏ-வையும் உள் உறைக்குள்ளேயே திணித்து ஒட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம், எண்ணும் மேஜையில் உறுதிமொழி வெளியே இல்லை என்றால் உள் உறையைத் திறக்கவே மாட்டார்கள்.